வாக்களிக்கப்பட்ட நிலம்: ஜோசப் பிளம்ப் மாட்டினின் தன்வரலாறு பற்றி ஒரு திறனாய்வுக் குறிப்பு

போர்களைப் பற்றிய எழுத்துக்களிற் பெரும்பாலானவை தளபதிகளாலோ, தளபதிகளின் அண்மையில் இருந்தோராலோ எழுதப்பட்டவை. போரின் நோக்கங்களும் வியூகங்களும் அவற்றில் விளக்கமுறுகின்றன. போரைச் செய்தவன் அவற்றில் எண்ணிக்கையாக மாத்திரமே இடம்பெறுகிறான். அமெரிக்க சுதந்திரப் போரும் (1775–1783) இந்தப் பொதுவிதிக்கு விலக்கன்று. ஆயினும் அப்போரிலே ஏறத்தாழ ஏழாண்டுகள் கீழ்நிலைச் சிப்பாயாகச் சேவைபுரிந்த ஒருவர், தமது எழுபதாவது வயதை அண்மித்த வேளையில், தாம் கண்டவற்றையும் பட்டவற்றையும் நூலாக்கினார். 1830ஆம் ஆண்டு மேய்ன் மாநிலத்தின் ஹலோவெல் நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அந்நூல், புரட்சிக்காலப் போர்வீரன் ஒருவனின் சாகசங்கள், அபாயங்கள், துன்பங்கள் ஆகியவற்றிற் சிலவற்றைக் கூறுவதாகத் தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. எழுதியவர் ஜோசப் பிளம்ப் மாட்டின் (1760–1850). நூல் விலைபோகவில்லை. நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்து, 1962இல் ஜோர்ஜ் ஷியர் என்பவரின் பதிப்பாக மீண்டும் வெளிவந்த பின்னரே அது பரவலாக அறியப்படலாயிற்று.

மறுபதிப்புப் பெற்ற நாள் முதலாக இந்நூல் இருவகையிற் பயன்பட்டு வந்துள்ளது. வரலாற்றாசிரியர்கள் போர்க்களச் செய்திகளுக்கான ஆதாரமாக அதனைக் கொண்டனர். பொது வாசகர் அதனைக் குறும்பும் நகைச்சுவையும் நிறைந்த இளைஞன் ஒருவனின் கதையாகச் சுவைத்தனர். இவ்விரண்டும் பிழையான வாசிப்புக்கள் அல்ல. எனினும் இரண்டுமே நூலின் மையத்தைத் தொடவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மாட்டினின் நூல் ஒரு கடன்கொடுத்தவனின் கணக்கு. ஓர் அரசு தன் மக்களுக்கு அளித்த வாக்குறுதி எது, அவர்கள் பெற்றது எது என்பதை வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டும் எழுத்து அது. அக்கணக்கின் இறுதி வரியாக அமைவது நிலம். நிலத்தைப் பற்றி நூல் சொல்வதையும் சொல்லாது விடுவதையும் சேர்த்து நோக்கும்போதே அதன் இலக்கியப் பெறுமதியும் வரலாற்று எல்லையும் தெளிவாகும்.

1

மாட்டின் 1760 நவம்பர் 21ஆந் திகதி மசாசூசெற்ஸிலே பெக்கற் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தை எபனேசர் மாட்டின் யேல் கல்லூரியிற் பயின்ற கிறிஸ்தவ போதகர். சிறுவயதிலேயே கனெற்றிக்கட் மாகாணத்து மில்போர்ட் என்னும் ஊரில் வாழ்ந்த தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் அனுப்பப்பட்டு, அவர்களின் பண்ணையில் வளர்ந்தார். கல்வியின் வாசனை உள்ள குடும்பத்திற் பிறந்து, உழவின் உழைப்பில் வளர்ந்த இந்த இரட்டைநிலை பின்னர் அவருடைய உரைநடையின் இயல்பாகவே அமைந்துவிட்டது. வேதாகமச் சாயலும் பண்ணைக்காரனின் பேச்சு வழக்கும் அந்நடையில் அருகருகே வருவது இதனாலேயே எனலாம்.

1776இல், பதினாறு வயது நிரம்புமுன்னரே, ஆறுமாத காலச் சேவைக்குப் படையிற் சேர்ந்தார். படையிற் சேர்ந்த கணத்தை அவர் வருணிக்கும் முறை கவனிக்கத்தக்கது. கையிலே பேனாவுடன் பதிவுத்தாளின் மேல் கையொப்பமிடுவதுபோலப் பாவனை செய்துகொண்டிருக்கையில், பின்னால் நின்றவனொருவன் கையைத் தட்டிவிட, தாளில் ஒரு கீறல் விழுகிறது. அதனைக் கண்டவர்கள் அவன் சேர்ந்துவிட்டான் என்று கூவுகின்றனர். தேசப்பற்றின் வீர முழக்கத்தை எதிர்பார்க்கும் வாசகனுக்கு இவ்விடம் ஏமாற்றமளிக்கும். ஆனால் நூலின் அடிப்படைப் பொருள் இக்காட்சியிலேயே தோற்றம் பெற்றுவிடுகிறது. ஒருவனுக்கும் அரசுக்கும் இடையே எழுத்தில் அமைந்த ஒப்பந்தமே அப்பொருள். அவ்வொப்பந்தத்தின் ஒரு பக்கம் ஒரு சிறு கீறலாற்கூடக் கட்டுப்பட்டுவிடுகிறது. மற்றப் பக்கம் பல பக்கச் சட்டங்களாலும் கட்டுப்படவில்லை.

புறூக்லின், கிப்ஸ் பே, வைற் பிளெய்ன்ஸ் ஆகிய களங்களைக் கண்டு வீடு திரும்பியவர், 1777இல் போர் முடியும் வரையிலான சேவைக்காக மீண்டுஞ் சேர்ந்தார். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் டெலவெயர் ஆற்றின் மிஃப்லின் கோட்டை முற்றுகையில் இருந்தார். 1778இல் மொன்மத் போரில் நின்றார். 1780 முதல் சுரங்கமும் அகழும் அமைக்கும் பொறியியற் படைப்பிரிவிற் பணியாற்றிச் சார்ஜன் ஆனார். 1781இல் யோர்க்ரவுண் முற்றுகையின்போது, பிரித்தானியரின் பத்தாம் இலக்க அரணைத் தாக்குவதற்கு வழிசெய்யும் பொருட்டு, கோடரியுடன் முன்சென்று மரத்தடைகளை வெட்டியகற்றியோரில் அவரும் ஒருவர். 1783இல் விடுவிக்கப்பட்டார்.

2

நூலின் அதிகாரங்கள் ஆண்டுக்கொரு படையெடுப்பாக வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த வெளிக்கட்டமைப்பினுள்ளே கதையை இயக்குவது பசி. போர்க்களங்கள் சில பக்கங்களிலே முடிந்துவிடுகின்றன. உணவு தேடும் படலங்கள் முடிவதில்லை. 1777இன் இறுதியில் கொங்கிரஸ் நன்றிநாள் விருந்தொன்றுக்குக் கட்டளையிட்டபோது தமக்குக் கிடைத்தது அரை ஜில் அரிசியும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியுமே என்று அவர் எழுதுகிறார். 1779–80 குளிர்காலத்து மொறிஸ்ரவுண் பாசறையில் மரப்பட்டையைக் கடித்ததையும், சிலர் பழைய சப்பாத்துக்களைச் சுட்டுத் தின்றதையும் கூறுகிறார். இவற்றை அவலமாக மட்டும் அவர் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறார். விருந்து என்ற பெரிய சொல்லையும் கரண்டி என்ற சிறிய அளவையும் அருகருகே வைத்தாற் போதும், வேறு விமரிசனம் வேண்டியதில்லை. அதிகாரத்தின் மொழியை அதிகாரத்தின் செயலோடு மோதவிடுவதே அவருடைய நகைச்சுவையின் உத்தி.

நூலின் இறுதிப் பகுதியில் இந்தக் கணக்கு வெளிப்படையாகவே முன்வைக்கப்படுகிறது. நாளொன்றுக்கு எத்தனை இறாத்தல் இறைச்சியும் ரொட்டியும், ஆண்டுக்கு எத்தனை சட்டை, எத்தனை சோடி சப்பாத்து என்றெல்லாம் வாக்களிக்கப்பட்டதைப் பட்டியலிட்டு, வந்து சேர்ந்ததை அதன் எதிரே நிறுத்துகிறார். மாதம் ஆறே முக்கால் டொலருக்குச் சற்றுக் குறைந்த சம்பளம். அதுவும் பெறுமதி இழந்துகொண்டிருந்த கடதாசிப் பணம். 1777 ஆகஸ்டுடன் அதுவும் நின்றது. 1781இல் வேர்ஜீனியாவுக்கு நடந்து செல்கையில் கிடைத்த ஒரு மாதச் சம்பளமே நாணயமாகக் கையில் விழுந்தது. விடுவிக்கப்பட்டபோது சம்பளத்துக்குப் பதிலாகத் தரப்பட்ட சான்றிதழ்களிற் சிலவற்றை, ஊர் செல்லத்தக்க உடை வாங்குவதற்காகவே விற்க வேண்டியதாயிற்று.

1780 மே மாதத்திற் கனெற்றிக்கட் படைப்பிரிவினர் பசியினால் ஆயுதந்தாங்கி அணிவகுத்துக் கிளர்ந்த நிகழ்ச்சியை அவர் எழுதும் முறை இங்கே விசேடமாகக் குறிப்பிடத்தக்கது. நாட்டை விட்டு ஓடிவிடவும் மனமில்லை. நாட்டுக்காகப் பட்டினி கிடந்து சாகவும் இயலவில்லை என்ற இக்கட்டினை அவர் நியாயப்படுத்தலுமின்றி, மன்னிப்புக் கோரலுமின்றி விளக்குகிறார். வர்க்க உணர்வின் முளை என்று இதனை உடனே பெயரிட்டுவிடும் ஆர்வம் நமக்கு ஏற்படலாம். அது அவசரமான முடிபாகும். சிப்பாய்கள் புரட்சியை மறுக்கவில்லை; புரட்சி தன் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றே கேட்டனர். மாட்டினின் கோபம் ஒப்பந்தத்தை நம்பியவனின் கோபம். அதன் வலிமையும் எல்லையும் இந்த நம்பிக்கையிலேயே உள்ளன.

3

வாக்குறுதிகளிற் பெரியது நிலம். போர் முடியும்வரை சேவைசெய்யும் சிப்பாய்க்கு 100 ஏக்கரும், கேணலுக்கு 500 ஏக்கரும் என 1776இற் கொங்கிரஸ் தீர்மானித்தது. 1780இல் மேஜர் ஜெனரலுக்கு 1,100 ஏக்கர் என விரிவாக்கியது. பதவி வரிசையை அப்படியே நிலவரிசையாக மாற்றிய ஏற்பாடு இது. ஆனால் சிப்பாய்க்குரிய நிலம் தொலைவிலே ஒகையோ நாட்டில் இருந்தது. அங்கு சென்று அதனைப் பெறுவதற்கு வழிகாட்ட எவரும் நியமிக்கப்படவில்லை. இடைத்தரகர்கள் உரிமைப் பத்திரங்களை அற்ப விலைக்கு வாங்கிக்கொண்டனர் என மாட்டின் கசப்புடன் எழுதுகிறார். அதிகாரிகளின் நிலை வேறு. 1786இல் பொஸ்ரனிற் கூடிய முன்னாள் அதிகாரிகள் ஒகையோ கொம்பனியை நிறுவி, 1788இல் மறியெற்றா என்னும் குடியேற்றத்தை அமைத்தனர். ஆயுட்காலம் முழுவதும் அரைச் சம்பளம் என அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி, 1783இல் ஐந்தாண்டு முழுச் சம்பளமாக மாற்றப்பட்டது. சாதாரண சிப்பாய்க்கு அவ்வாறான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

மாட்டின் ஒகையோவுக்குச் செல்லவில்லை. நியூயோர்க்கில் ஒரு குளிர்காலம் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1784இல் அப்போது மசாசூசெற்ஸின் ஒரு பகுதியாயிருந்த மேய்னுக்குச் சென்று, பெனொப்ஸ்கொற் ஆற்றின் முகத்துவாரத்தை அண்டி, பின்னர் புறொஸ்பெக்ற் எனப் பெயர்பெற்ற ஊரிலே குடியேறினார். காடு வெட்டி 100 ஏக்கர்ப் பண்ணையொன்றை ஆக்கினார். 1794இல் லூசி குளூலியை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். ஊரவர் அவரை நகர எழுதுவினைஞராகத் தெரிவுசெய்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தார்.

இந்த இடத்திலேயே அவருடைய வாழ்வில் ஹென்றி நொக்ஸ் குறுக்கிடுகிறார். பொஸ்ரனிற் புத்தகக்கடை வைத்திருந்த நொக்ஸ், போரில் வாஷிங்டனின் பீரங்கிப்படைத் தலைவராக உயர்ந்தவர். 1785 முதல் 1794 வரை யுத்தச் செயலாளராக இருந்தவர். அதிகாரிகளின் தலைப்பிள்ளைகளுக்கு மரபுரிமையாகச் சென்ற சின்சினாற்றி சங்கத்தை 1783இல் உருவாக்கியவர். அவருடைய மனைவியின் பெயரும் லூசிதான். அரசபக்தரான மசாசூசெற்ஸ் செயலாளர் தோமஸ் புளக்கரின் மகளும் பெருநிலவுடைமையாளர் சாமுவேல் வோல்டோவின் பேத்தியுமான அவர் வழியாக, வோல்டோ உரிமை எனப்பட்ட ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கர் நிலத்தின் மீது நொக்ஸ் உரிமை கோரினார். அந்த எல்லைக்குள்ளேயே மாட்டினின் 100 ஏக்கரும் இருந்தது.

முரண் வெளிப்படையானது. முடியாட்சியின் கொடையாற் பிறந்த நிலவுரிமை, முடியாட்சியை வீழ்த்திய படையின் தளபதி கைக்கு வந்து, அதே படையின் சிப்பாய்க்கு எதிராகப் பிரயோகிக்கப்பட்டது. 1797இல் நொக்ஸின் உரிமை நிலைநாட்டப்பட்டது. மாட்டினின் பண்ணை 170 டொலர் என மதிக்கப்பட்டு, தவணை முறையிற் செலுத்துமாறு பணிக்கப்பட்டது. அவராற் செலுத்த முடியவில்லை. தமக்கு அவகாசம் தருமாறு நொக்ஸுக்கு இறைஞ்சிக் கடிதமும் எழுதினார். 1811 அளவில் அவருடைய நிலம் பாதியாகக் குறைந்துவிட்டது. 1818இல் ஓய்வூதியம் கோரியபோது அவரிடம் சொந்தநிலம் எதுவும் இருக்கவில்லை. நொக்ஸோ தோமஸ்ரன் நகரில் மொன்பெலியர் என்ற மாளிகையை எழுப்பி, கடன்பட்டு, 1806இல் இறந்தார். அவரும் வெற்றிபெறவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒருவர் மாளிகையிலிருந்து தோற்றார். மற்றவர் மண்குடிலிருந்து தோற்றார்.

மேய்ன் குடியேறிகளிற் பலர் இந்நிலவுடைமையாளருக்கு எதிராக வெளிப்படையாகவே போராடினர். சுதந்திர மனிதர் எனத் தம்மை அழைத்துக்கொண்டு, செவ்விந்தியர் போல வேடம் புனைந்து நில அளவையாளரை விரட்டினர். இவ்வெதிர்ப்பின் பயனாக, நிலத்திற் செய்த அபிவிருத்திக்குக் குடியேறிகள் ஈடு பெறலாம் என்ற சட்டம் 1808இல் மசாசூசெற்ஸில் நிறைவேறியது. அப்போதைய ஆளுநர் ஜேம்ஸ் சலிவன். மாட்டினின் புதல்வர்களில் ஒருவர் அதே பெயரை உடையவர். பெயரொற்றுமை ஒன்றை மட்டும் வைத்து முடிபு கூறுதல் முறையன்று. ஆயினும் காகிதத்தில் எழுதத் துணியாத அரசியலைச் சாதாரண மக்கள் தம் பிள்ளைகளின் பெயர்களில் எழுதுவதுண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

4

இனி நூலுக்குத் திரும்புவோம். போர் முடிந்து 47 ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட தன்வரலாறு, அந்த 47 ஆண்டுகளைப் பற்றி ஏறக்குறைய எதுவும் கூறுவதில்லை. மேய்னுக்கு வந்ததையும் அங்கேயே தங்கிவிட்டதையும் ஓரிரு வாக்கியங்களிற் சொல்லி முடித்துவிடுகிறார். மனைவி இல்லை; பிள்ளைகள் இல்லை; காடு வெட்டிய உழைப்பு இல்லை; நிலத்தை இழந்த கதையும் இல்லை. எட்டாண்டுப் போர் ஒரு முழு நூலாக விரிய, அரை நூற்றாண்டுக் குடும்ப வாழ்வு மௌனமாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் யாது? முதலாவது, இலக்கிய வடிவம் பற்றியது. போர்வீரனின் சாகசக் கதைக்கு 1830இல் ஒரு வாசகர் கூட்டம் உண்டு என நம்ப இடமிருந்தது. கடனில் மூழ்கிய குடியானவனின் கதைக்கு வடிவமும் இல்லை, வாசகரும் இல்லை. இரண்டாவது, ஆசிரியரின் சமூகநிலை பற்றியது. நகர எழுதுவினைஞரான அவர், இன்னும் அவ்வூரிலேயே வாழ்ந்துகொண்டு, அயலவர் அறிந்த அவமானத்தை அச்சிலேற்ற விரும்பாதிருந்திருக்கலாம். மூன்றாவது காரணமே முக்கியமானது. அந்த மௌனம் உண்மையில் மௌனமன்று. நிலமிழந்தவனின் மனமே போர்க்கதையைச் சொல்லுகிறது. இருபது வயது இளைஞன் சப்பாத்தின்றி நடந்ததை எழுபது வயது முதியவர் எண்ணிக்கை தவறாமற் பதிவுசெய்வது நினைவாற்றலினால் மட்டுமன்று. கடன் தீராதவரை கணக்கு மறப்பதில்லை.

அவருடைய குடும்பம் எழுத்தில் வெளிப்படும் இடம் வேறொன்று: ஓய்வூதியப் பத்திரம். 1818ஆம் ஆண்டுச் சட்டம் வறிய நிலையிலுள்ள முன்னாட் சிப்பாய்க்கு மாதம் 8 டொலரும், அதிகாரிக்கு 20 டொலரும் வழங்கியது. வறுமையை நிரூபிக்கச் சொத்துப் பட்டியல் கேட்கப்பட்டது. தம்மிடம் இரண்டு பசுக்கள், ஆறு செம்மறிகள், ஒரு பன்றி என்பன உள்ளதாகவும், தாம் உழைக்க இயலாத கூலியாள் எனவும், மனைவி வாதநோயால் வருந்துவதாகவும், பிள்ளைகள் ஐவர் எனவும் மாட்டின் சத்தியம் செய்தார். தளபதியின் குடும்பம் உருவப்படங்களிலும் மரபுரிமைச் சங்கத்திலும் இடம்பெற, சிப்பாயின் குடும்பம் வறுமைச் சான்றாக ஆடு மாடுகளின் வரிசையில் இடம்பெறுகிறது. தன்வரலாற்றையும் இப்பத்திரத்தையும் ஒரே நூலின் இரு பாகங்களாக வாசிப்பதே பொருத்தமானது. ஆண்டுக்கு 96 டொலர் பெறும் முதியவர்களையும் பொறாமையுடன் நோக்கியோர் மீது நூலின் முடிவிலே அவர் காட்டும் சினம் அப்போதுதான் முழுமையாக விளங்கும்.

அமெரிக்க நாவல் இதே நிலத்தை மறுமுனையிலிருந்து தொட்டது. 1837இல் பாழடைந்துகொண்டிருந்த மொன்பெலியர் மாளிகையைப் பார்வையிட்ட நதானியல் ஹோதோண், 1851இல் வெளியிட்ட ‘ஏழு முகட்டு வீடு’ என்ற நாவலில், வோல்டோ நிலப்பகுதியின் மேல் உரிமை கோரும் பெருங்குடும்பம் ஒன்றைப் படைத்தார். காணாமற்போன உறுதிப்பத்திரம் ஓர் உருவப்படத்தின் பின்னாலிருந்து பயனற்ற தாளாக வெளிப்படுகிறது. நிலம் கோருவோரின் மயக்கத்தை ஹோதோண் நுட்பமாகச் சித்திரித்தார். காட்டைத் திருத்திய குடியேறியோ அந்நாவலின் ஓரத்திற் பெயரின்றி நிற்கிறான். அவனுடைய குரல் எது என்பதை அறிய மாட்டினிடமே வரவேண்டியுள்ளது.

5

ஆயினும் மாட்டினைப் போற்றுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. தனக்கிழைக்கப்பட்ட அநீதியை இத்துணை துல்லியமாக அளந்தவர், பிறருக்கிழைக்கப்பட்டதை எவ்வளவு கண்டார்? யோர்க்ரவுணில், பிரித்தானியரால் விரட்டப்பட்டு அம்மைநோயால் காட்டினுள் மடிந்து கிடந்த கறுப்பின மக்களை அவர் கண்டார். வாயிற் சோளக்கதிருடன் கிடந்த உடல்களை அவருடைய எழுத்து மறைக்கவில்லை. ஆனால் அடுத்து, தப்பியோடிய அடிமைகளை உரிமையாளரிடம் மீட்டுக்கொடுக்கும் பணியில் தாம் ஈடுபட்டதையும், தமக்குக் கிடைத்த 1,200 டொலர் கடதாசிப் பணம் ஒரு குவாற் றம் சாராயத்துக்கே போதுமாயிருந்ததையும் நகைச்சுவையாகச் சொல்கிறார். பணத்தின் வீழ்ச்சி அவருக்குத் தெரிகிறது. மனிதர் விலையாக்கப்பட்டது அவருடைய கணக்கில் ஏறவில்லை.

நிலத்தைப் பொறுத்தும் இதுவே நிலை. அவர் குடியேறிய கரையில் 1759இல் ஆளுநர் பவ்னல் கோட்டை கட்டியதே பெனொப்ஸ்கொற் மக்களின் ஆற்றைக் கட்டுப்படுத்துவதற்காகத்தான். அம்மக்கள் புரட்சியின் பக்கம் நின்றனர். 1775இல் மசாசூசெற்ஸ் மாகாண கொங்கிரஸ், ஆற்றின் மேற்பகுதியில் இருகரையிலும் ஆறு மைல் அகல நிலத்திலே எவரும் அத்துமீறலாகாது எனத் தீர்மானித்தது. 1796இல் அந்நிலத்தின் பெரும்பகுதி உடன்படிக்கை மூலம் அவர்களிடமிருந்து பெறப்பட்டது. போர்க்கால வாக்குறுதியை நம்பி, சமாதான காலத்தில் நிலத்தை இழந்தவர்கள் என்ற வகையில், பெனொப்ஸ்கொற் மக்களும் மாட்டினும் ஒரே அரசின் கடனாளர் வரிசையில் நின்றவர்கள். அந்த ஒற்றுமையை அவருடைய நூல் காணவில்லை. மேய்ன் வாழ்வைப் பற்றிய அவருடைய மௌனத்தினுள் இந்த இரண்டாவது மௌனமும் அடங்கியிருக்கிறது. வேடமணிந்து போராடிய அயலவர்கள் செவ்விந்தியரின் தோற்றத்தை இரவல் பெற்றனர். அவர்களின் உரிமையை நினைக்கவில்லை.

6

மாட்டினின் குறைபாடுகள் அவருடைய நூலின் பெறுமதியை அழித்துவிடுகின்றனவா? இல்லையென்பதே நம் விடை. மிஃப்லின் கோட்டையின் கொடும் முற்றுகையைப் பற்றி வரலாறு அதிகம் பேசாமைக்குக் காரணம், அங்கு புகழ்பெற்ற தளபதி எவரும் இல்லாமையே என அவர் குறிப்பிடுகிறார். வரலாறு யாருக்காக எழுதப்படுகிறது என்ற வினாவை ஒரு முன்னாட் சிப்பாய் 1830இலேயே எழுப்பிவிட்டார். அவ்வினாவை அவருக்கெதிராகவும் நாம் எழுப்பலாம் என்பதே அதன் வலிமைக்குச் சான்று. தன் ஆசிரியரையே விசாரிக்கும் அளவுகோலைத் தந்துவிட்டுச் செல்லும் நூல் சாதாரண நூலன்று.

1836இல் புறொஸ்பெக்ற் வழியாகச் சென்ற காலாட்படைப் பிரிவொன்று, முதியவர் அங்கு வாழ்வதை அறிந்து அவருக்குத் துப்பாக்கி வேட்டு மரியாதை செய்தது. 1850 மே 2ஆந் திகதி, 89ஆவது வயதில் அவர் இறந்தார். சாண்டி பொயின்ற் மயானத்தில் உள்ள நினைவுக்கல் அவரைப் புரட்சியின் போர்வீரன் என்று குறிக்கிறது. வேட்டு மரியாதையும் நினைவுக்கல்லும் நாடு அவருக்கு அளித்தவை; 100 ஏக்கர் அளிக்கப்படவில்லை. புகழுரையாற் கடன் தீர்க்கும் வழக்கம் எல்லா நாட்டு அரசுகளுக்கும் உண்டு. அந்தப் புகழுரையை ஏற்றுக்கொள்ளாமல், நிலுவையை எழுதி வைத்துச் சென்றவர் என்பதனாலேயே ஜோசப் பிளம்ப் மாட்டின் போர்வீரர்களிடையே மட்டுமன்றி, எழுத்தாளர்களிடையேயும் எண்ணப்பட வேண்டியவராகிறார்.